நின்னானைப் பிடுங்கிய கை

அம்சவல்லி இப்போதெல்லாம் எந்த ஊர் வயலில் இறங்குவதற்கு முன்பும் வரப்பில் நின்று ஒரு கேள்வி கேட்கிறாள். "இதுல நீங்க வேணும்னே வெச்சிருக்கிறது எது?" கேட்கும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டுதான் கேட்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். அடக்கமெல்லாம் இல்லை. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்காமல் விட்ட கூச்சம் அது.

கும்பகோணத்துக்குத் தெற்கே, டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் நல்லான்திடல். அம்சவல்லியின் அப்பா அம்மா இருவரும் அங்கே பிறர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். கல்யாணமாகி வெகுகாலம் அவளும் அப்படித்தான் இருந்தாள். பிறகு அவளும் கணவன் இராஜாங்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் போல, நிலம் வாங்கினார்கள். ஊர்ப் பெண்கள் கூடி விதைநெல் சாகுபடிக்குக் குழு ஆரம்பித்தபோது முதலில் பேர் கொடுத்தவள் அவள்.

விதைநெல் வேலை வேறு மாதிரியானது. சாப்பாட்டு நெல்லில் இரண்டு ரகம் கலந்தால் சோறு வேகாமல் போய்விடாது. விதைக்கு விடுகிற வயலில் ஒரே ரகம்தான் நிற்கவேண்டும். இடையில் வேறொன்று தலைகாட்டினால் அதற்குக் கலவன் என்று பெயர். பயிர் பூக்கும் பருவத்தில் வரிசை வரிசையாக நடந்து, கலவனைக் கண்டுபிடித்து, வேரோடு பிடுங்கி, வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போடவேண்டும். அறுத்தால் போதாது, அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

அம்சவல்லிக்கு அந்த வேலையை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பாகப் பிடுங்கித் திட்டு வாங்கியும், பிடுங்காமல் விட்டுத் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டாள். பயிரின் உயரம், உச்சியில் நிற்கும் கண்ணாடி இலையின் சாய்வு, தூரடியின் நிறம், நெல்மணியின் மூக்கு எல்லாம் வருஷக்கணக்கில் கண்ணுக்குள் இறங்கின. வரப்பில் நின்றபடியே, "அந்தாண்ட வரிசையில ஒருத்தன் நிக்கிறான் பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் நிற்பான்.

"அம்சாவுக்கு நாலு கண்ணுடி" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

"ஆமா, பின்னாடி ரெண்டு இருக்கு. நீ வெத்தலை போடுறதும் தெரியுது. நட."

அவளுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். கலவன் பெரும்பாலும் சுற்றியிருக்கிற பயிரைவிட நெடுநெடுவென்று நிற்கும். பால் பிடிக்கப்போகிற கதிரை வேரோடு இழுக்கக் கை வராது. "அக்கா, இது நல்லாத்தானே இருக்கு, பாவம், இருந்துட்டுப் போவட்டுமே" என்பார்கள். அம்சவல்லியும் தன் முதல் வருஷத்தில் அப்படிச் சொன்னவள்தான். விட்டுவைத்த அந்த ஒன்று அடுத்த வருஷம் வயல் முழுக்க முளைத்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சைக் காதில் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். "மொதல்ல கையில எடு. அப்புறம் பேசு" என்பாள். எடுத்த பிறகு பேச ஒன்றும் இருக்காது.

நல்லான்திடல் குழு ஒரு உழவர் கம்பெனியோடு சேர்ந்தது. அதே கம்பெனி சீர்காழிக்குக் கிழக்கே, கடலையொட்டிய ஊர்களில் உள்ள குழுக்களையும் சேர்த்துக்கொண்டது. எல்லா ஊர் விதையும் ஒரே பையில், ஒரே முத்திரையோடு போகவேண்டும் என்பது திட்டம். அதற்கு ஒரு குழு அறிந்ததை மற்றக் குழுவுக்குச் சொல்லித்தரவேண்டும். கம்பெனியில் களப்பணி பார்த்தவள் செம்மொழி என்ற பெண். விவசாயம் படித்தவள், சுறுசுறுப்பானவள். அவள்தான் அம்சவல்லியிடம் வந்து நின்றாள்.

"அத்தை, கழிமேட்டுக்கு நீங்க வரணும். அங்க எல்லாரும் நல்லாப் பாடுபடுறவங்க. கலவன் எடுக்க மட்டும் தெரியல."

"பாஷை புரியாத ஊருக்கா கூப்புடுற, வந்துட்டாப் போச்சு" என்றாள் அம்சவல்லி. உள்ளுக்குள் குளிர்ந்தது. வேறொரு ஊர் தன்னைக் கேட்டு ஆளனுப்பியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மார்கழியில் போனார்கள். கழிமேட்டுக் குழுவுக்குத் தலைவி நூர்ஜஹான், அறுபதைத் தாண்டியவர். கணவர் சவூதியில் இருந்த காலமெல்லாம் கழியோரத்து நிலத்தைத் தனியாகக் கட்டிக் காத்தவர். ஊரில் எல்லோருக்கும் பாயம்மா. அவர் வயலில் நாற்றுப்போட்ட நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் கூட நிற்பவள் வள்ளியம்மை. அவள் புருஷன் கழியில் வலை போடுகிறவன். வள்ளியம்மைக்கும் அம்சவல்லிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பார்த்தவுடனே வள்ளியம்மை அவளை அக்கா என்று கூப்பிட்டாள்.

மழை கழுவிவிட்டிருந்த வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. அம்சவல்லி வரப்பில் நின்று பார்த்ததும் மலைத்துப்போனாள். மேட்டுப்பக்கம் பரவாயில்லை. கிழக்கே பள்ளத்துப் பாதியில் வரிசைக்கு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்று, கலவன். தூரடி ஊதா, ஒரு சாண் உயரம் கூடுதல், மூக்கில் சிவந்த மீசை. இவ்வளவு கலவனை ஒரே வயலில் அவள் கண்டதில்லை.

"என்ன பாயம்மா, கலவனுக்குள்ளதான் பயிரைத் தேடணும்போல இருக்கு?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நூர்ஜஹானும் லேசாகச் சிரித்தார். செம்மொழி கைப்பேசியை எடுத்து வீடியோப் படம் பிடிக்கத் தொடங்கினாள். அம்சவல்லி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"இங்க பாருங்க. தூரடி ஊதாவா இருக்கா? வேரோட புடுங்கு. பாவம் பார்க்காதே. பேசிக்கிட்டு நிக்காதே."

வள்ளியம்மை அருகில் வந்தாள். "அக்கா, அந்தப் பள்ளத்து மூலையில மட்டும்…"

"மொதல்ல கையில எடு. அப்புறம் பேசு."

வள்ளியம்மை திரும்பி நூர்ஜஹானைப் பார்த்தாள். நூர்ஜஹான் விருந்தாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். வள்ளியம்மை குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

வெயில் சாய்வதற்குள் பள்ளத்துப் பாதியைச் சுத்தம் செய்துவிட்டார்கள். நூர்ஜஹான் வீட்டில் இறால் வைத்து வாடா சுட்டுக் கொடுத்தார்கள். அம்சவல்லி விரும்பிச் சாப்பிட்டாள். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

செம்மொழி அந்தப் படத்தைக் கடலோரக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். அம்சவல்லியின் கைப்பேசிக்கும் வந்தது. இராஜாங்கத்திடம் போட்டுக் காட்டினாள். குழுப் பெண்களிடம் காட்டினாள். யாரும் இல்லாதபோதும் போட்டுப் பார்த்தாள்.

பொங்கல் கழிந்து, அறுப்புக்கு முன் இரண்டாம் தடவை கலவன் பார்க்கப் போனார்கள். சீர்காழியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகும்போதே, ரோட்டிலிருந்து அம்சவல்லிக்கு வயல் தெரிந்தது. மேட்டுப்பக்கம் கதிர் தலைசாய்ந்து பொன்னாக இருந்தது. பள்ளத்துப் பாதி வெளுத்து, கதிரெல்லாம் விறைத்து நின்றது. விளைந்த கதிர் தலைகுனியும். பதர்தான் நிமிர்ந்து நிற்கும்.

இறங்கியதுமே அவளுக்குக் கோபம்தான் வந்தது. வரப்பில் நின்ற வள்ளியம்மையிடம், "என்ன வள்ளியம்மை, தண்ணி வைக்காமக் காய விட்டுட்டீங்களா? இவ்ளோ பாடுபட்டு எடுத்துக் குடுத்துட்டுப் போனேனே!" என்றாள்.

"தண்ணி இருக்குக்கா. குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தாள். தூரடியில் தண்ணீர் இருந்தது. ஓரத்தில் மண் மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அம்சவல்லி விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

காவிரித் தண்ணீரே பார்த்து வளர்ந்தவள் அவள். உப்பு என்றால் அவளுக்குச் சமையலறைச் சாமான். மார்கழி வரை மழை உப்பைக் கீழே அமுக்கி வைத்திருக்கும், மழை நின்றதும் தை வெயிலில் அது மேலே ஏறும் என்பதெல்லாம் அவள் கேள்விப்படாத சங்கதி. வள்ளியம்மை சொல்லச்சொல்ல நின்றபடியே கேட்டாள்.

கடல் ஊருக்குள் ஏறிய வருஷத்துக்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் சில வருஷம் புல்கூட முளைக்கவில்லை. பிறகு முதன்முதலாக நட்ட பயிர் எல்லாம் இப்படித்தான் வெளுத்துப்போயிற்று. ஒன்றிரண்டு குத்து மட்டும் ஊதாத் தூரடியோடு நின்று விளைந்தது. எங்கிருந்து வந்த ரகமென்று யாருக்கும் தெரியாது. நூர்ஜஹான் அந்தக் கதிர்களைக் கையால் கொய்து, விதையாக வைத்து, அடுத்த வருஷம் நட்டார். உப்பிலும் நின்றதால் நின்னான் என்று பேர் வைத்தார்கள். நின்னானைத் தனியாக நட்டால் காற்றில் படுத்துவிடும். அதனால் சாதாரணப் பயிருக்கு ஊடாக, ஒன்றுவிட்டு ஒரு வரிசை நடுவது அவர்கள் வழக்கம். அது படுக்காமல் தாங்க இது வேண்டும். இது வெளுத்துப்போனால் வீடு பட்டினி கிடக்காமலிருக்க அது வேண்டும். அறுப்பு மிஷின் இறங்குவதற்கு முன்னால் நின்னானைக் கையால் கொய்து, அதிலிருந்து மறுவருஷ விதையை எடுத்து வைப்பார்கள். கடற்காற்றில் விதை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. இருந்த விதை அத்தனையும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

அத்தனையையும் அம்சவல்லி ஒரே பகலில் பிடுங்கிப் போட்டிருந்தாள். பால் பிடிக்காத கதிர்கள். முளைக்காது.

"அப்பவே சொல்லக்கூடாதா?" என்றாள் அம்சவல்லி.

"சொல்ல வாயெடுத்தேன்க்கா. கையில எடுன்னீங்க."

அம்சவல்லிக்கு அந்த நொடி அப்படியே திரும்பி வந்தது. பள்ளத்து மூலையில மட்டும் என்று வள்ளியம்மை சொன்னதை அவள் கேட்கத்தான் கேட்டாள். புதிதாக வருகிற எல்லோரும் சொல்லும் 'பாவம்' என்றே அதை எடுத்துக்கொண்டாள். 'மொதல்ல கையில எடு' என்பது எத்தனையோ பேர் வாயை அடைத்துப் பழகிய பேச்சு. யாரிடம் பேசுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் அது பாட்டுக்கு வந்து விழுந்துவிட்டது.

நூர்ஜஹான் டீ கொண்டு வந்தார். அம்சவல்லி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளரையே பார்த்தாள்.

"பாயம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை…"

"வீடு தேடி வந்த விருந்தாளி. நம்ம வரப்புல நிக்கவெச்சு எப்படிம்மா மறுத்துப் பேசுறது? கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க, நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு தெரிஞ்சுதான் சொல்றாங்கன்னு நெனச்சேன். கம்பெனிக்காரங்களும் நீங்க சொல்றபடிதான் செய்யணும்னு சொல்லியிருந்தாங்க. தப்பு என்னோடதுந்தான். டீ ஆறுது, குடிங்க."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வள்ளியம்மைதான் அவளைத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். செம்மொழியும் பின்னாலேயே வந்தாள். அடிபம்பிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடுகிற சேற்றில், பழைய மீன்வலையைக் கூடாரமாகக் கட்டியிருந்தது. உள்ளே நாலைந்து குத்து நெல், மஞ்சள் பூத்து, நோஞ்சானாக நின்றது. தூரடி ஊதா.

"அன்னைக்கு வரப்புல கெடந்ததுல ஒரு கை அள்ளிட்டு வந்தேன். நெறையத்தான் ஊனினேன். பூவுல புடுங்குனது, எங்க பொழைக்கும்? இதுங்க மட்டும் தலை தூக்குச்சு. வலை இல்லைன்னா கோழி தின்னுரும்."

கதிருக்குப் பத்துப் பதினைந்து மணிகூடத் தேறாது. முற்றிவிட்டதா என்று பார்க்க அம்சவல்லியின் கை தானாக நீண்டது.

"தொடாதீங்கக்கா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுட்டதுபோல் அம்சவல்லி கையை இழுத்துக்கொண்டாள். எந்த வயலிலும் எந்தப் பயிரையும் தொடாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள்.

"செம்மொழி, அந்தப் படம் எத்தனை ஊருக்குப் போயிருக்கு?"

செம்மொழிக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. முகம் வெளிறியிருந்தது. "கடலோரம் பூராவும், அத்தை. தெற்குப்பக்கம் தண்ணி லேட்டா வந்ததால நடவும் லேட்டு. அங்கெல்லாம் இப்பத்தான் பூக்குது."

"அங்கேயும் இந்த மாதிரி ஏதாச்சும் இருக்குமா?"

"உப்பு இருக்கிற ஊர்ல எல்லாம் ஏதாச்சும் ஒண்ணு இருக்கத்தான் இருக்கும்" என்றாள் வள்ளியம்மை.

செம்மொழி கைப்பேசியை எடுத்தாள். "படத்தை அழிச்சிடுறேன். வேற படம் வரும், அதுவரைக்கும் யாரும் கலவன் எடுக்காதீங்கன்னு போட்டுடுறேன். உங்க பேர் வேணாம் அத்தை. கம்பெனி பேரும் கெடும், உங்க பேரும்…"

"பார்த்தவங்க மனசுலேர்ந்து எப்படி அழிப்ப? இந்த மூஞ்சிதானே சொல்லிச்சு? இதே மூஞ்சிதான் சொல்லணும். புடி."

பிடித்தாள். அடிபம்பு ஓரத்தில், மீன்வலைக்குப் பக்கத்தில் அம்சவல்லி நின்றாள். வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வலையைப் பார்த்தாள், மறுபடி துடைத்தாள். வரப்பில் நின்று அத்தனை பேரை அதட்டிய வாய்.

"மொதல்ல பேசுங்கக்கா" என்றாள் வள்ளியம்மை. "அப்புறம் கையில எடுக்கலாம்."

குத்தல்தான். ஆனால் சொல்லிவிட்டு அவளே அம்சவல்லியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"நான் நல்லான்திடல் அம்சவல்லி" என்று தொடங்கினாள். "போன படத்துல ஊதாத் தூரடியை எல்லாம் புடுங்கச் சொன்னேன். அது தப்பு. எங்க ஊர் மண்ணை வெச்சுக்கிட்டு உங்க ஊர் மண்ணுக்குச் சொல்லிட்டேன். கழிமேட்டுல இவங்க வருஷக்கணக்கா காப்பாத்துனதைக் கேக்காமப் புடுங்கிட்டேன். இவங்க சொல்ல வந்தாங்க, நான் விடல. நீங்க புடுங்காதீங்க. இனிமே இவங்க சொல்றதைக் கேளுங்க." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பாக்கியை வள்ளியம்மை சொன்னாள். எது நின்னான், எதற்கு ஊடாக நடுகிறோம், எப்போது கொய்கிறோம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அம்சவல்லி அன்றுதான் அதை முழுதாகக் கேட்டாள்.

படம் போன கொஞ்ச நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. நல்லவேளை, நாளைக்கு இறங்குறதா இருந்தோம் என்றது ஒரு குழு. எங்க ஊர்ல அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் பாத்துக்குறோம் என்றது இன்னொன்று. அம்சவல்லிக்கு மூச்சு திரும்பியது. கடைசியாக நாகூருக்குத் தெற்கேயிருந்து ஒரு குரல் வந்தது. அந்த ஊர்க் குழுவை நடத்தும் லியாகத் அலி.

"வணக்கம்க்கா. நேத்துத்தான் பள்ளத்துப் பக்கம் முடிச்சோம். எங்களுக்கும் பள்ளத்துல அது மாதிரி ஒண்ணு இருந்துச்சு. பொம்பளைங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் உங்க படத்தைப் போட்டுக் காட்டி, அக்காவே சொல்றாங்க, பாவம் பார்க்காதீங்கன்னு சொல்லி எடுக்க வெச்சேன். மாட்டுக்குப் போட்டாச்சு."

கோபமே இல்லாத குரல். அம்சவல்லி அடிபம்பு மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போதும் நூர்ஜஹான் வாடா பொட்டலம் கொடுத்தார். பஸ்ஸில் அது மடியிலேயே ஆறிப்போயிற்று. கைப்பேசியில் முதல் படம் இன்னும் இருந்தது. அதை அழிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. தப்பித்துக்கொள்வதுபோல் இருந்தது.

மாசி பிறந்ததும் மீன்வலைக்குள் இருந்த கதிர்கள் முற்றின. நூர்ஜஹான் அவற்றை உதிர்த்துக் காயவைத்து இரண்டு துணிமுடிச்சாகக் கட்டினார். ஒன்று லியாகத் அலி ஊருக்கு.

வள்ளியம்மைக்குப் பொறுக்கவில்லை. "கையளவு நெல்லு பாயம்மா. அதையும் ரெண்டாக் கிழிக்கணுமா? நமக்கே எத்தனை வருஷம் ஆவும் மறுபடி பெருக்க?"

"ஒரே வயல்ல வெச்சிருந்ததாலதானே ஒரே நாள்ல போச்சு? ரெண்டு ஊர்ல இருக்கட்டும். நமக்கு அழிஞ்சா அங்க கேக்கலாம்" என்றார் நூர்ஜஹான்.

முடிச்சை வள்ளியம்மை கொண்டுபோனாள். வழிகாட்ட செம்மொழி போனாள். அம்சவல்லியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் சீர்காழி பஸ் ஸ்டாண்டில் வந்து காத்திருந்தாள். வள்ளியம்மை அவளைப் பார்த்துவிட்டு, "நீங்களுமா? சரி, ஏறுங்க" என்றாள். நாகூர் தாண்டும் வரை முடிச்சை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒருமுறைகூட அம்சவல்லியின் கையில் தரவில்லை. அம்சவல்லியும் கேட்கவில்லை.

லியாகத் அலி சின்ன வயதுக்காரர். வயலுக்கு அவரே கூட்டிப்போனார். பள்ளத்துப் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் முடிச்சை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "வந்ததுதான் வந்தீங்க, மேட்டுப்பக்கம் கலவன் இன்னும் எடுக்கலக்கா. ஒரு எட்டு இறங்கிப் பாருங்களேன்" என்றார், எதுவுமே நடக்காததுபோல.

அம்சவல்லி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். குனிந்தபடியே அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டாள்.

"இதுல நீங்க வேணும்னே வெச்சிருக்கிறது எது?"

"இப்ப எதுவும் இல்லைக்கா."

செருப்பு எப்போதோ காலைவிட்டுக் கழன்றிருந்தது. அவள் நிமிரவில்லை.